சாமி போட்ட தடம்

ராஜபாளையம் பக்கம் ஒரு வீட்டில் 'நாளைக்குக் கோயிலுக்குப் போறோம்' என்றால், எந்தக் கோயில் என்பதை அடுப்படியைப் பார்த்தே சொல்லிவிடலாம். தேங்காய், பழத்தோடு ஒரு தட்டு மட்டும் தயாரானால் ஊருக்குள் இருக்கும் கோயில். முந்தின ராத்திரியே புளிக்காய்ச்சல் கொதித்து, தூக்குவாளிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, வாழை இலைகள் வாட்டிச் சுருட்டப்பட்டிருந்தால் மலையடிவாரம். அய்யனார் கோயிலாக இருக்கும், இல்லையென்றால் செண்பகத்தோப்பு. பாட்டியிலிருந்து இடுப்புக் குழந்தை வரை எல்லோரும் கிளம்புவார்கள். மூட்டுவலிக்காரப் பெரியப்பாவும் உண்டு. இதை யாரும் டிரெக்கிங் என்று நினைத்ததில்லை. சாமி கும்பிடப் போனார்கள். வழியில் காடு இருந்தது.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடுகிற நீளத்துக்கும் இதே கதைதான். தெற்கே தேவதானத்துக்கு மேற்கில் சாஸ்தா கோயில். ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார். அடுத்து ராக்காச்சி அம்மன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் வனப்பேச்சி; இன்னும் உள்ளே போய் மலையேறினால் காட்டழகர். வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் திரும்பினால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி சுந்தர மகாலிங்கம். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த காட்டுத் தடம் எதை எடுத்தாலும் அதன் முடிவில் ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி நடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூடி, தடையை மீறி நடந்தார்கள். சீமான்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த புதர்வெளி அது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்து, 2000-ல், திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை அங்கே சட்டமானது. இன்றைக்கு அந்நாட்டு மேட்டுநிலங்களிலும் புதர்வெளிகளிலும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்த ஐந்து பேரின் ஜெயில் வாசம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதற்காக யாரும் உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. சாமி பேரைச் சொல்லித் தடம் போட்டாகிவிட்டது. சரணாலயம் அப்புறம் வந்தது. புலிகள் காப்பகம் அதற்கும் அப்புறம். வனத்துறை கேட் போட்டபோது ஏற்கெனவே கிடந்த தடத்தின் குறுக்கேதான் போட வேண்டியிருந்தது.

இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. காட்டுக்குள் நடப்பது இங்கே இளவட்டங்களின் வீரதீரமாக இல்லாமல் குடும்பத்துக் காரியமாக இருந்தது லாபம். கோயில் போய்ச் சேர்வதிலேயே குறியாக இருந்ததால் வழியை யாரும் பார்க்கவில்லை, அது நஷ்டம். ஆற்றங்கரையில் பாயை விரித்தோம், சாப்பிட்டோம், பாலிதீன் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். நடை என்பது சாமிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கழிக்க வேண்டிய நேரமாகப் போயிற்று. இங்கே சொல்ல வருவது அந்த நடுவில் இருக்கும் நேரத்தைப் பற்றித்தான்.

கரிசல் முடிகிற இடம்

சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து மேற்கே வருகிறவர்களுக்கு மாற்றம் உடம்பிலேயே தெரியும். கரிசல் மண், சீமைக் கருவேலம், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, தலைக்கு மேலே வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தாண்டியதும் தென்னையும் மாவும் தொடங்குகின்றன. தோப்புகளின் முதுகுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கிறது. தோப்பு முடிந்ததும் காடு வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. முதலில் வருவது முள்ளும் புதரும். உசில், இலந்தை, சூரை, கள்ளி, பாறை இடுக்கில் ஈச்சை. பார்க்க வறட்டு நிலம். மழை பெய்து பத்து நாள் கழித்துப் போனால் முழங்கால் உயரப் புல்லும் வண்ணத்துப்பூச்சியுமாக ஆளே மாறியிருக்கும். அதைத் தாண்டி ஓடைக்கரைக்கு வந்தால்தான் நிழல். மருது, நாவல், புளி, இலுப்பை, காட்டு மா எல்லாம் கிளையோடு கிளை கோத்துக்கொண்டு நிற்கும் ஆற்றோரக் காடு. ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டருக்குள் இத்தனை மாற்றம்.

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் காற்றும், அவ்வப்போது மேகம் சிந்தும் சாரலும்தான் மிச்சம். ஓடைகள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். அந்தத் தண்ணீர் முடங்கியாறு, அர்ச்சுனா நதி என்று பல பெயர்களில் இறங்கி, வைப்பாற்றில் சேர்ந்து, சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வைப்பாறு வற்றிக் கிடப்பதையே பார்த்து வளர்ந்த சாத்தூர்ப் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து, 'உங்க ஊர் ஆறு இங்கேயிருந்துதான் வருது' என்று காட்டுவது புவியியல் பாடப் புத்தகத்தை விட நன்றாக வேலை செய்யும்.

மலை என்றாலே உச்சி என்று நினைப்பது பெரியவர்களின் வியாதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உச்சி எதற்கு? அதற்கு வேண்டியது கால் நனைக்கத் தண்ணீர், புரட்டிப் பார்க்கக் கல், பின்தொடர்ந்து போக ஓர் எறும்பு வரிசை, உட்கார ஒரு வேர். இவையெல்லாம் அடிவாரத்தில்தான் கிடைக்கின்றன. உயிர்கள் அதிகம் கூடுகிற இடமும் இந்த ஓடைக்கரைதான். செங்குத்தாக ஏறி, மூச்சு வாங்கி, மேலே போய் செல்ஃபி எடுத்து இறங்குகிற கூட்டம், மலையின் வளமான பாகத்தை வேகவேகமாகக் கடந்துவிட்டுத்தான் ஏறுகிறது.

அணிலின் மேல்ரோடு

செண்பகத்தோப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரை மணி நேரம் போதும். ஊர் பேர் சொல்கிற மாதிரி இப்போது செண்பகம் கண்ணில் படுவதில்லை. மாவும் புளியும்தான். ஆனால் இந்தத் தோப்புகளையும் ஓடைக்கரை மரங்களையும் நம்பி ஒரு பிராணி இருக்கிறது. அதன் பெயரில்தான் 1988 டிசம்பரில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையின் பெயரிலும் புலியின் பெயரிலும் காடுகளைக் காப்பாற்றுவது நாட்டில் வழக்கம். அணிலுக்காகச் சரணாலயம் என்பது அபூர்வம். 2021 பிப்ரவரியில் இந்தக் காடும் தேனிப் பக்கத்து மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் ஐந்தாவது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். புலி வந்ததும் அணிலின் பெயர் பலகையிலிருந்து பின்னுக்குப் போய்விட்டது. குடும்பத்தோடு வருகிறவர்கள் புலியைப் பார்க்கப் போவதில்லை. பார்க்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. அணிலைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

சாம்பல் நிற மலை அணில். வீட்டு முற்றத்தில் ஓடும் மூன்று கோட்டு அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. இது மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டடிக்கு மேல் நீளம், ஒரு கிலோவுக்குக் குறையாத எடை. பழுப்புச் சாம்பல் உடம்பில் வெள்ளை முடி கலந்து, நரை விழுந்த மாதிரி இருக்கும். வாலும் அப்படியே நரைத்தது. உச்சந்தலை கறுப்பு, வயிறு வெளிறின நிறம், மூக்கு இளஞ்சிவப்பு. இலங்கையில் இதன் உறவுக் கூட்டம் பரவலாக உண்டு. இந்தியாவில் தெற்கே சில ஆற்றோரக் காடுகளில் மட்டும்தான்.

முதலில் தேட வேண்டியது அணிலை அல்ல, கூட்டை. ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், உயரமான கிளைப் பிரிவில் குச்சியும் தழையும் திணித்துச் சுற்றிய, ஒரு சின்னக் குடமளவு உருண்டை தெரியும். காக்கைக் கூடு தட்டையாக இருக்கும், இது மூடியது. ஒரே அணில் இப்படிப் பல கூடுகளைக் கட்டி வைத்துக்கொள்ளும். கூடு இருக்கும் மரத்தின் கிளைகள் பக்கத்து மரங்களின் கிளைகளோடு தொட்டுக்கொண்டிருக்கும், அது தற்செயல் இல்லை. கழுகு வந்தால் தப்பி ஓட நான்கு திசையிலும் வழி வேண்டும் என்று பார்த்துத்தான் அணில் மனை வாங்குகிறது. தரைக்கு இறங்குவது அதற்குப் பிடிக்காத காரியம். கிளைக்குக் கிளை தாவி, ஓடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மண்ணை மிதிக்காமலே போய்விடும். நமக்குக் கீழே ஒரு தடம் என்றால் அதற்கு மேலே ஒன்று. நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் ரோடு துண்டாகிறது.

கூட்டைக் கண்டுபிடித்தாயிற்று என்றால் அப்புறம் வேலை காத்திருப்பதுதான். பிள்ளைகளுக்கு இது வராது என்று நினைப்போம். சரியான ஆள் பக்கத்தில் இருந்தால் வரும். இங்கே சரியான ஆள் என்றால் பளியர். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் குடியிருக்கும் இந்த மலைக்குடி மக்களுக்குத் தேன், குங்கிலியம், கடுக்காய் எல்லாம் பரம்பரைத் தொழில். வனத்துறையின் காவல் வேலைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெரியவர் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பக்கத்திலிருந்து கேட்க வாய்த்தது. "கூட்டையே பாத்துக்கிட்டு நிக்காத பாப்பா. கழுத்து வலிக்கும். கீழ பாரு. புளியங்காத் தோல் விழுதா? விழுந்தா மேல ஆள் இருக்குன்னு அர்த்தம்." சிறுமி தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தோல் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. அண்ணாந்தபோது, பின்னங்கால்களைக் கிளையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகளால் புளியங்காயைத் திருப்பித் திருப்பித் தின்றுகொண்டிருந்தது அணில். வால் ஓர் எடைக்கல்லாகக் கிளையின் மறுபக்கம் தொங்கியது. நம்மைப் பார்த்ததும் கடகடவென்று ஒரு கத்தல். அவ்வளவு பெரிய சத்தம் அந்த உடம்பிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். சிறுமி பயந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "நம்மள வையுது தாயி, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு இந்த அணில் மேல் இருக்கும் கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். இளநீரைக் குடைந்துவிடும், மாங்காயைக் கடித்துப் போடும். ஆனாலும் அணிலின் ரோடு தோப்புகளுக்குள்ளும் ஓடுகிறது. தோப்புக்காரர் மரத்தை விட்டுவைப்பதால்தான் அது பிழைக்கிறது. சரணாலயத்துக்கு எல்லைக்கல் உண்டு, அணிலுக்கு அது தெரியாது.

இந்தக் காடுகளின் பெருமையை வெளியுலகத்துக்குச் சொன்னவர்களில் ஏ.ஜே.டி. ஜான்சிங் முக்கியமானவர். நாங்குநேரிக்காரர். 1970-களில் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், ஓய்வு நாட்களில் இந்த மலைகளில் கால்நடையாகச் சுற்றினார். பிறகு பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்து, டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். 2024 ஜூனில் காலமானார். கடைசி வரை நடந்தவர் அவர். காட்டை அறிய வழி, நடப்பதுதான் என்பது அவர் கட்சி. பட்டாசு ஊர்க் கல்லூரியிலிருந்து பக்கத்து மலைக்குப் போன வாத்தியார் ஒருவர் நாட்டின் பெரிய வன உயிரின அறிஞர்களில் ஒருவரானார் என்பதை இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் யாராவது சொல்லித் தருகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

குளிக்கும் தண்ணீரும் குடிக்கும் தண்ணீரும்

அய்யனார் கோயில் ராஜபாளையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போல இருக்கும். மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் ரோடே ஒரு சுற்றுலாதான். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று ராஜபாளையத்துக்கே உரிய மாம்பழ ரகங்கள் விளைகிற பூமி. மாங்காய்ப் பருவத்தில் நம்மைப் போலவே யானைகளும் இதைத் தேடி இறங்குகின்றன. அதனால்தான் மாலை நான்கு மணிக்கு மேல் இந்தப் பக்கம் குழந்தைகளோடு நிற்கக் கூடாது. விடிகாலை இருட்டிலும் வேண்டாம்.

கோயிலுக்குப் போகும் நடை சின்னதுதான். ஆறு பாறைகளுக்கு நடுவே குதித்து வருகிறது. ஆழமில்லாத இடங்களில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் மீன்குஞ்சு பிடிக்கிறேன் என்று மணிக்கணக்கில் நிற்பார்கள். நின்றால் கணுக்காலைக் கொத்த வரும் மீன்களுக்குக் காசு வாங்குகிற கடைகள் பெருநகரங்களில் இருக்கின்றன, இங்கே இலவசம்.

இந்த ஆற்றின் தண்ணீர் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மேலே ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கிறவர், திங்கட்கிழமை காலை தன் வீட்டுக் குழாயில் வருவது எது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். சோப்பு வேண்டாம் என்று பலகை வைப்பதை விட, 'இது நீங்கள் குடிக்கும் தண்ணீர்' என்று எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

காட்டுக்குள் போக அனுமதி கிடைக்காத நாளிலும் கைவசம் இடங்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்றொரு சின்னக் குன்று. பெரிய திருவண்ணாமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே இருப்பவர் சீனிவாசப் பெருமாள், தென்திருப்பதி என்பார்கள். படிகள் உண்டு, காற்று உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் கூட்டம் தாங்காது. ராஜபாளையத்துக்கு உள்ளேயே சஞ்சீவி மலை, மேலே குமாரசாமி கோயில். மூன்று வயதுப் பிள்ளையின் முதல் மலைக்கு இவை போதும். வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகள் பாதி நாள் பொழுதுக்கு நல்ல இடம். நடை குறைவு.

எங்கே திரும்ப வேண்டும்

சதுரகிரிக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். வழியில் இருக்கும் பிலாவடிக் கருப்பசாமியைத் தாண்டிப் போகிற மூதாட்டிகளைப் பார்த்திருப்பார்கள், அதனால் வருகிற கேள்வி. பதில்: சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று அந்தத் தடத்தில் உள்ள பெயர்களே எச்சரிக்கைப் பலகைகள்தான். தாணிப்பாறையிலிருந்து மணிக்கணக்கான ஏற்றம். ஏறின அத்தனையும் இறங்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஏறினவர் இறங்கும்போது வழுக்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. 2015 மே மாதம், கோடைமழையில் ஓடையில் திடீரென வெள்ளம் பெருகி அங்கே பக்தர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழைக்காலமே இல்லாத மாதம் அது. அய்யனார் கோயிலிலும் அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

ஓடை வெள்ளம் பெரும்பாலும் எச்சரித்துவிட்டுத்தான் வரும். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், சத்தம் மாறும். நம் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே முகட்டில் கருமேகம் கட்டியிருந்தால், தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளைக் கரையேற்றிவிட வேண்டியதுதான். அதுவும் நாம் வந்த கரைக்கு. அக்கரைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டு மழை விடட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாசிக்கு மேல் பயம் தண்ணீரால் இல்லை, தீயால். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு ஆள் ஓட முடியாது என்பதைத் தமிழ்நாடு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. கோடையில் தடங்களை மூடும் வழக்கம் கடுமையானது. கேட் மூடியிருக்கிறதே என்று வனக்காவலரிடம் மல்லுக்கு நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் குரங்கணிதான் ஞாபகம் வரும். அவர் நம் குழந்தைக்காகத்தான் மூடி வைத்திருக்கிறார்.

ஆனால் மூடுவது மட்டுமே கொள்கை ஆகிவிடக் கூடாது. 2024 அக்டோபரில் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்களை அறிவித்து, எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்று ஒழுங்கு செய்தது. விருதுநகர் மாவட்டமும் பட்டியலில் இருக்கிறது, செண்பகத்தோப்பும் இருக்கிறது. திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் புகுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். இருந்தாலும் இந்தத் திட்டம் மனத்தில் வைத்திருப்பது, பெருநகரத்திலிருந்து வார இறுதிக்கு வருகிற, நல்ல ஷூ வைத்திருக்கிற இளைஞர்களை. ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளை, அம்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் வருவதற்கு அது பொருந்தாது. ஐந்து பேருக்குக் கட்டணம் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது.

அவர்களுக்கு வேண்டியது ஒன்றரைக் கிலோமீட்டர் வளையம். செண்பகத்தோப்பு ஓடைக்கரையில், தார் ரோடு முடிகிற இடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற ஒரு தடம். புதிதாக ஒரு மரமும் வெட்ட வேண்டாம். சிமெண்டும் கைப்பிடிக் கம்பியும் செல்ஃபி மேடையும் வேண்டவே வேண்டாம். காலை ஏழிலிருந்து பத்து வரை, பதினைந்து பேர் கொண்ட குழுக்களாக, முன்னால் ஒரு பளியரும் பின்னால் ஒரு பளியரும். சினிமா டிக்கெட்டை விடக் குறைந்த கட்டணம், அதில் பெரும்பகுதி வழிகாட்டுகிறவர்களின் கைக்கு. உள்ளூர்ப் பள்ளிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் இலவசம். மழையோ, தீப் பருவமோ, யானை நடமாட்டமோ என்றால் மூடிவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. குடும்பம் கோயிலுக்குத்தான் வரும், வரட்டும். கோயிலுக்குப் போகும் வழியே இந்த வளையமாக இருந்தால் போதும். சாமி ஏற்கெனவே தடம் போட்டுவிட்டது, வனத்துறை அதற்கு ஆள் போட்டால் சரி.

கிளம்புகிறவர்களுக்கு

தை, மாசி முதல் பாதி வரை நல்ல காலம். ஓடையில் தண்ணீர் இருக்கும், வெயில் ஏறாது. ஆனி, ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். பிள்ளைகள் கண்ணில் மண் விழுந்து அழுவார்கள், ஆனால் சாரல் அடிக்கிற நாள் அமைந்தால் அது தனிச் சுகம். சென்னையிலிருந்து வரும் பொதிகை, சிலம்பு ரயில்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்களிலும் நிற்கின்றன. மதுரையிலிருந்து என்றால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் சொச்சம். அனுமதி உண்டா, எத்தனை மணி வரை, எந்த நாட்களில் என்பதை முந்தின நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம், மழை, தீ என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு மாறும்.

குழந்தைகளின் வேகத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் கோபம் வராது. பின்னால் வார் வைத்த செருப்போ பிடிமானமுள்ள ஷூவோ போதும். ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் காலை வாரிவிடும். முழுக்கை, முழுக்கால் உடுப்பு முள்ளுக்கும் உண்ணிக்கும் நல்லது. வீடு திரும்பியதும் காது மடல், கழுத்து, முழங்கால் மடிப்பு என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சாப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்குக்கு அழைப்பு வைத்த மாதிரி. பைக்குள் இருக்கட்டும், சாப்பிடுவது காட்டை விட்டு வெளியே வந்த பிறகு. புளியோதரை மதியம் வரை கெடாது என்று தெரிந்துதான் பாட்டிமார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இலையும் தூக்குவாளியும் இருந்தால் காட்டில் விட்டுவர எதுவும் மிஞ்சாது.

ஊர்ப் பெருமையான ராஜபாளையம் நாயைக் கூட்டி வருகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக அழகன்தான், 2005-ல் இந்திய அரசு அஞ்சல் தலையே வெளியிட்டது. ஆனால் காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த இனம். சரணாலயத்துக்குள் அவனுக்கு வேலை இல்லை.

பதினொரு மணிக்குள் அடிவாரத்தை விட்டுக் கிளம்பினால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வந்து சேர நேரம் சரியாக இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்கு ஊர் முழுக்கக் கடைகள். பெட்டியில் அடுக்கியிருப்பதைக் கேட்காதீர்கள். சட்டியிலிருந்து அன்றைக்கு இறக்கியது இருக்கிறதா என்று கேளுங்கள், இளஞ்சூட்டில் இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பார்கள். காலையில் போய் கேட் மூடியிருந்ததால் முகம் தொங்கிப்போன பிள்ளைகளுக்கும் இதே மருந்துதான். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திருவண்ணாமலைக் குன்றில் ஏறிக்கொள்ளலாம். அங்கே புலியும் இல்லை, முன்பதிவும் இல்லை.